பகுதி சபைக்குப் போனால் தெரு மாறுமா?

ஒரு வாசகர் கேட்டிருப்பது இதுதான். ஒரு மாநகராட்சியின் ஓரத்தில் உள்ள குடியிருப்பு. பூங்காவுக்கு என்று விட்ட இடம் புதர் மண்டிக் கிடக்கிறது, மழை வந்தால் தெருமுனையில் தண்ணீர் நாள்கணக்கில் நிற்கிறது, குப்பை வண்டி எப்போது வரும் என்று யாருக்கும் தெரிவதில்லை. மாநகராட்சியோ, அந்தந்தப் பகுதி வாக்காளர்கள் கூடிப் பேசும் பகுதி சபைக்கு வாருங்கள் என்கிறது, மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும் நமக்கு நாமே திட்டத்தில் சேருங்கள் என்கிறது. இதையெல்லாம் நம்பிப் போகலாமா, இல்லை வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்து நாங்களே செய்துகொள்வது மேலா?

போங்கள். கட்டாயம் போங்கள். ஆனால் எதைக் கேட்பது என்று முடிவு செய்துகொண்டு போங்கள். பெரும்பாலான குடியிருப்போர் சங்கங்கள் ஒரு பொருளைக் கேட்டு மனு கொடுக்கின்றன: பூங்கா வேண்டும், விளக்கு வேண்டும், உடற்பயிற்சிக் கருவி வேண்டும். கையில் பணம் இருந்தால் மாநகராட்சிக்கு அதைக் கட்டித் தருவது பெரிய காரியமில்லை. ஒப்பந்தக்காரர் வருவார், கட்டுவார், திறப்பு விழாவும் நடக்கும். அதன் பிறகு அதைத் தினமும் திறந்து மூடுவது யார், அதற்குக் காசு எங்கிருந்து வரும், கணக்கு யார் கையில் இருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. இந்த மூன்றுக்கும் பதில் வைத்துக்கொண்டு தொடங்கிய வேலைகள் நிலைத்து நிற்கின்றன. மற்றவை இரண்டு மழைக்காலம் தாண்டுவதே அபூர்வம்.

திருச்சியிலிருந்து தொடங்குகிறேன். தமிழ்நாட்டில் மக்களும் மாநகராட்சியும் சேர்ந்து செய்த வேலைகளில் நான் மிகவும் மதிப்பது அங்கே நடந்ததைத்தான். அதுவும் யாரும் பேச விரும்பாத பொதுக் கழிப்பிடத்தில் நடந்தது.

திருச்சியின் குடிசைப் பகுதிகளில் மாநகராட்சி கட்டிக்கொடுத்த கழிப்பிடங்கள் முன்பே இருந்தன. கட்டடம் இருந்தது, பராமரிப்பு இல்லை. தண்ணீர் வராது, விளக்கு எரியாது, கதவு இருக்காது. பெண்கள் இருட்டும்வரை காத்திருந்து வெளியே போனார்கள். 2000ஆம் ஆண்டு வாக்கில் கிராமாலயா என்ற தொண்டு நிறுவனம், குடிநீர், சுகாதாரத்துக்காக வேலை செய்யும் வாட்டர் எய்டு என்ற சர்வதேச அமைப்பின் உதவியோடு, இந்தக் கழிப்பிடங்களைப் புதுப்பித்து நடத்தும் பொறுப்பை அந்தந்தப் பகுதிப் பெண்களிடமே கொடுக்கலாம் என்று மாநகராட்சியிடம் பேசியது. மாநகராட்சியும் ஒப்புக்கொண்டது. சுய உதவிக் குழுப் பெண்களிலிருந்து 'ஷீ' (SHE) என்ற சுகாதாரக் கல்விக் குழுக்கள் உருவாயின. வாசலில் ஒரு பெண் முறைவைத்து உட்கார்ந்து டோக்கன் கொடுப்பார். ஒருமுறை பயன்படுத்த 50 பைசா. சிறு குழந்தைகளுக்கு இலவசம். அன்றைய வசூல் அன்றே நோட்டில் ஏறும், பணம் வங்கிக் கணக்குக்குப் போகும், கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் கணக்கு வாசிக்கப்படும். சுத்தம் செய்பவரின் கூலி, பினாயில், மோட்டார் ரிப்பேர் எல்லாம் அந்த வசூலிலிருந்தே. மிச்சம் பிடித்த குழுக்கள் அதை உறுப்பினர்களுக்குக் கடனாகக் கொடுத்தன, பகுதிக்குத் தேவையான சின்னச் சின்ன வேலைகளையும் செய்துகொண்டன.

2002இல் கல்மந்தை என்ற பகுதி, திறந்தவெளியில் மலம் கழிப்பது முற்றிலும் நின்றுபோன குடிசைப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. நாட்டிலேயே அப்படி அறிவிக்கப்பட்ட முதல் குடிசைப் பகுதி அது என்று சொல்கிறார்கள். தூய்மை இந்தியா இயக்கம் வந்தது 2014இல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை தெரியும். கிராமாலயாவை 1987இல் தொடங்கிய எஸ். தாமோதரனுக்கு 2022இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அது அவருக்குத் தகும். ஆனால் அந்த நோட்டுகளை விடாமல் எழுதிய பெண்களை நான் அதற்கு மேலே வைப்பேன். பெரிய படிப்பில்லாத பெண்கள் தினமும் வரவு செலவு எழுதி, சந்தேகம் கேட்டவரிடம் நோட்டைத் திறந்து காட்டினார்கள். 'காசு எங்கே போகிறது' என்ற கேள்வி எழவே இடம் இல்லாமல் போனதால்தான் ஜனங்கள் தொடர்ந்து காசு கொடுத்தார்கள்.

இதில் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. வசதியானவர்கள் வீட்டில் பாதாளச் சாக்கடைக்குப் பொதுப்பணம் செலவாகிறது. குடிசையில் இருப்பவர் ஒவ்வொரு முறையும் காசு கொடுத்துவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு மாதக் கடைசியில் அது சுமைதான். அதனால் மக்களே பார்த்துக்கொள்கிறார்கள் என்பதை மாநகராட்சி கைகழுவுவதற்கான சாக்காக ஆக்க விடக்கூடாது. கழிவுத் தொட்டி நிரம்பினால் லாரி அனுப்புவது, குழாய் இணைப்பு, கட்டடத்தின் பெரிய பழுது இவையெல்லாம் மாநகராட்சியின் வேலை. திருச்சி ஏற்பாடு ஓடியதற்கு ஒரு முக்கியமான காரணம், எது யார் பொறுப்பு என்பது முதலிலேயே பேசி முடிக்கப்பட்டது.

இப்போது சென்னைக்கு வருவோம். இங்கே கதை வேறு மாதிரிப் போனது.

1989இல் எம்.பி. நிர்மல் என்ற வங்கி அதிகாரி எக்ஸ்னோரா என்ற தன்னார்வ அமைப்பைத் தொடங்கினார். அப்போது சென்னையில் குப்பை என்றால் தெருமுனையில் ஒரு சிமென்ட் தொட்டி, அதைச் சுற்றி நான்கு மடங்கு குப்பை, அதில் மாடு. எக்ஸ்னோரா சொன்னது எளிமையான வழி. ஒரு தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு மன்றம் அமைப்பது. குப்பை பொறுக்கிப் பிழைத்தவர் ஒருவரையே வேலைக்கு அமர்த்தி மூன்று சக்கர வண்டி வாங்கிக் கொடுப்பது. வீட்டுக்கு மாதம் ஒரு சிறு தொகை வசூலித்து அவருக்குச் சம்பளம் தருவது. அவருக்கு 'தெரு அழகுபடுத்துபவர்' என்று பெயர் வைத்தார்கள். காலையில் விசில் ஊதிக்கொண்டு வருவார், வீட்டு வாசலிலேயே குப்பையை வாங்குவார், விற்கக்கூடியதைப் பிரித்துக்கொள்வார், மீதியை மாநகராட்சித் தொட்டியில் சேர்ப்பார். 1990களில் நகரமெங்கும் தெருத்தெருவாக இது பரவியது. இன்று வீட்டு வாசலுக்கு வண்டி வருவதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். அந்தப் பழக்கத்தைச் சென்னைக்குச் சொல்லிக்கொடுத்ததில் இந்த மன்றங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

சறுக்கியது எங்கே? தெருக்காரர்கள் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்தார்கள், ஆனால் தெருமுனைத் தொட்டியிலிருந்து லாரி சரியாக எடுத்துப் போகாதபோது, பிரித்துப் போட்ட குப்பையும் பிரிக்காத குப்பையும் ஒன்றாகக் கலந்தது. மக்களின் ஏற்பாடும் மாநகராட்சியின் ஏற்பாடும் சந்திக்கும் இடம் அந்தத் தொட்டி ஒன்றுதான். அதற்கு யாரும் பொறுப்பாக இல்லை. 2000இல் மாநகராட்சி மூன்று மண்டலங்களின் குப்பையை ஓனிக்ஸ் என்ற தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அந்த ஒப்பந்தத்தில் பணம் டன் கணக்கில். எவ்வளவு அள்ளிக் கிடங்கில் கொட்டுகிறார்களோ அவ்வளவு பணம். அப்படியானால் தெருவிலேயே மக்கச் செய்து குப்பையைக் குறைப்பவருக்கு அந்த ஏற்பாட்டில் என்ன இடம்? வண்டியும் சீருடையும் வந்துவிட்ட பிறகு 'இதற்குத்தான் வரி கட்டுகிறோமே' என்று வீட்டுக்காரர்களும் மாதப் பணத்தை நிறுத்தினார்கள். பல மன்றங்கள் அப்படியே கரைந்துபோயின. யாரும் அவற்றை மூடச் சொல்லவில்லை. மாநகராட்சி தன் ஒப்பந்தத்தை எழுதும்போது அவை இருப்பதையே கணக்கில் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இது உங்களுக்கு எதற்கு என்றால், 'நாங்களே செய்துகொள்ளலாமா' என்ற உங்கள் கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது. செய்யலாம். ஆனால் மாநகராட்சியின் ஏட்டில் ஏறாத ஏற்பாடு, ஒரு புதிய ஒப்பந்தமோ புதிய ஆணையரோ வந்தால் அன்றைக்கே காணாமல் போய்விடும். உங்கள் உழைப்பு தீர்மானமாகவும் கோப்பாகவும் அங்கே இருக்க வேண்டும். பகுதி சபை அதற்குத்தான் உதவும்.

சபையின் பின்னணியைக் கொஞ்சம் சொல்கிறேன். 1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம், மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள் உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் அமைக்கச் சொன்னது. கிராமங்களுக்குக் கிராம சபை இருந்தது. நகரத்து ஆளுக்கு அப்படி உட்கார்ந்து பேச ஓர் இடம் இங்கே நெடுங்காலம் இல்லை. போதாததற்கு 2016 அக்டோபரில் நகர மன்றங்களின் காலம் முடிந்து, 2022 பிப்ரவரி தேர்தல் வரை கவுன்சிலர்களே இல்லாமல் தனி அலுவலர்கள் நிர்வாகம் செய்தார்கள். ஐந்து ஆண்டுகளுக்கும் மேல்! தெருவிளக்கு எரியவில்லை என்றால்கூடச் சொல்ல ஒரு மக்கள் பிரதிநிதி கிடையாது. தேர்தலுக்குப் பிறகு 2022இல் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று, சபைகள் கூடத் தொடங்கின. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார்.

பம்மல் என்றதும் எனக்கு வேறொன்று நினைவு வரும். அதே பம்மலில் 1990களில் சங்கரா நகர்ப் பெண்கள் சிலர் ஒரு மகளிர் மன்றம் அமைத்து, வீடு வீடாகக் குப்பை வாங்கி மண்புழு உரம் தயாரித்தார்கள். சபையோ விதியோ அப்போது இல்லை. அவர்கள் வேலை செய்து காட்டிய பிறகுதான் உள்ளாட்சியும் நிறுவனங்களும் துணைக்கு வந்தன. விதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, விதி என்ன சொல்கிறது? ஒவ்வொரு வார்டையும் மக்கள்தொகைக்கு ஏற்பப் பல பகுதிகளாகப் பிரிப்பார்கள். சென்னை போன்ற பெரிய மாநகராட்சியில் வார்டுக்குப் பத்துப் பகுதி. அந்தப் பகுதியின் வாக்காளர்கள் எல்லாரும் பகுதி சபையின் உறுப்பினர்கள். கவுன்சிலர் தலைமையில், பகுதிக்கு ஒரு பிரதிநிதி என்று வார்டு குழு. இந்தப் பிரதிநிதிகள் தேர்தலில் வருவதில்லை, நியமனத்தில் வருகிறார்கள். ஆளும் கட்சிக்காரர், கவுன்சிலரின் உறவினர் என்று போய்விடும் ஆபத்து அதில் இருக்கிறது. இந்த ஏற்பாட்டின் பெரிய பலவீனமாக நான் நினைப்பது அதைத்தான். நியமனத்துக்குப் பதில் சபையே கைதூக்கித் தேர்ந்தெடுக்கும் முறை வர வேண்டும்.

ஆனாலும் 'வாக்காளர்கள் எல்லாரும்' என்ற அந்த இரண்டு சொற்கள் பெரிய விஷயம். நமது குடியிருப்போர் நலச் சங்கங்கள் பெரும்பாலும் வீட்டு உரிமையாளர்களின் சங்கங்கள். வாடகைக்கு இருப்பவர், பின்தெருக் குடிசையில் இருப்பவர், முனையில் இட்லிக்கடை போடும் அம்மா இவர்கள் யாரும் அதில் இருப்பதில்லை. சங்கம் பூங்கா கேட்கும்போது அவர்களுக்குத் தேவைப்படுவது குடிநீர்க் குழாயாக இருக்கும். சபையில் அவர்களுக்கும் உங்களுக்கும் ஒரே இடம். அவர்களை அழைத்துக்கொண்டு போங்கள். கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பதற்காக இதைச் சொல்லவில்லை. திருச்சியில் கழிப்பிடம் நிலைத்து நின்றது அதைத் தினமும் பயன்படுத்தியவர்களே அதை நடத்தியதால். பூங்காவில் சாயங்காலம் விளையாடப் போவது பின்தெருப் பிள்ளைகள் என்றால், அதன் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதை அவர்களின் வீட்டாரையும் வைத்துப் பேசுவதுதான் முறை.

அடுத்து, நமக்கு நாமே. 1997-98இல் வந்த திட்டம் இது. ஆட்சி மாறியபோது தன்னிறைவுத் திட்டம் என்று வேறு பெயரில் நடந்தது, 2021க்குப் பிறகு பழைய பெயரிலேயே திரும்பியிருக்கிறது. பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் போட்டால் மீதியை அரசு போடும். மக்கள் பங்கு பாதியோ அதற்கு மேலோ என்றால் வேலையைத் தாங்களே எடுத்துச் செய்யவும் இடம் உண்டு. பூங்காவுக்குச் சுற்றுச்சுவர், பள்ளிக்கு வகுப்பறை, சமுதாயக் கூடம் போன்றவற்றுக்கு நல்ல வழி. பணம் போட்டவர்கள் தரம் பார்ப்பார்கள், சிமென்ட் மூட்டையை எண்ணுவார்கள். ஆனால் காசுள்ள குடியிருப்புக்கு அரசுப் பணமும் சேர்ந்து கிடைக்கும், காசில்லாத பகுதிக்கு ஒன்றும் கிடைக்காது என்ற கோணல் இதில் இருக்கிறது. உங்கள் வார்டில் ஏழைப் பகுதி இருந்தால், அங்குள்ள வடிகாலுக்கு வார்டு மேம்பாட்டு நிதியையோ கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டத்தையோ கேளுங்கள். பங்குத்தொகைத் திட்டத்தை உங்கள் பூங்காவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே சபையில் சேர்த்துக் கேட்டால் உங்கள் கோரிக்கைக்கும் மதிப்புக் கூடும்.

எந்தத் திட்டமானாலும், முதலில் அந்த இடம் யாருடையது என்று பாருங்கள். முக்கால்வாசி மனுக்கள் இங்கேதான் தூங்குகின்றன. பெரிய மனைப்பிரிவு போடும்போது பத்து சதவீத நிலத்தைப் பொதுவெளியாக விட்டு, தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் கொடுக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்பது அதுதான். வரைபடத்தில் பூங்கா என்று பச்சை அடித்திருப்பார்கள், ஆனால் தானப்பத்திரம் பதிவாகியிருக்காது. பதிவாகாத நிலத்தில் மாநகராட்சி ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க முடியாது. பக்கத்து மனைக்காரர் மெல்ல வேலியை நகர்த்துவதும் அங்கேதான் நடக்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தண்ணீர் நிற்கும் தெருமுனைக்கும் இதே கதைதான். மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது, ஆனால் அது போய்ச் சேரும் வாய்க்கால் நீர்வளத் துறையிடம் இருக்கலாம், குறுக்கே போகும் சாலை நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கலாம். சென்னை என்றால் பாதாளச் சாக்கடை குடிநீர் வாரியத்துடையது. வடிகாலின் கடைவாயை நீங்களே ஒருநாள் நடந்துபோய்ப் பார்த்துவிடுங்கள். பல இடங்களில் வடிகால் நன்றாகவே இருக்கும், அது போய் விழும் வாய் மேடாகியிருக்கும். கோவையில் குளங்களை மாநகராட்சி சீரமைக்க முடிந்ததே, 2010இல் எட்டுக் குளங்களைப் பொதுப்பணித் துறையிடமிருந்து நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்த பிறகுதான். பொறுப்பு ஒரு கைக்கு வந்தது, வேலை நகர்ந்தது. அந்தக் குளக்கரைகளில் குடியிருந்த ஏழைக் குடும்பங்கள் நகரின் ஓரத்துக்கு அனுப்பப்பட்டதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். குளம் அழகானது உண்மை. அவர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் வெகுதூரம் போக வேண்டிவந்ததும் உண்மை. மேம்பாடு என்று பேசும்போது யாரை எழுப்பிவிட்டு அந்த இடம் வந்தது என்ற கேள்வியைச் சபையிலேயே யாராவது எழுப்ப வேண்டும்.

குப்பைக்கு ஒரு வார்த்தை. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே வீட்டில் பிரித்துக் கொடுக்கச் சொல்லிவிட்டன, அதனால் அதைப் புதிதாகக் கேட்க வேண்டியதில்லை. கேட்க வேண்டியது, பிரித்துக் கொடுத்த மக்கும் குப்பை எங்கே போகிறது என்பதை. உங்கள் பகுதிக்கு உரம் தயாரிக்கும் மையம் எது என்று சுகாதார ஆய்வாளரிடம் கேளுங்கள், இரண்டு பேர் வண்டியோடு போய்ப் பாருங்கள். அப்புறம், வண்டியில் வருகிறவரின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். அவருக்குக் கையுறை இருக்கிறதா, சம்பளம் நேரத்துக்கு வருகிறதா என்று சபையில் கேளுங்கள். வண்டி நினைத்த நாளில் வருவதற்குக் காரணம், ஒரே ஆளிடம் இரண்டு ஆள் வேலை கொடுத்திருப்பதாகக்கூட இருக்கும்.

கூட்டத்துக்குப் போகும் முன், ஒரே ஒரு கோரிக்கையை எடுத்து ஒரு பக்கத்தில் எழுதுங்கள். சர்வே எண், தெருப் பெயர்கள், புகைப்படம், பயன்பெறும் வீடுகள், பராமரிப்பை யார் ஏற்பது, மாதச் செலவுக்கு வழி என்ன என்று எழுதிக் கையெழுத்து வாங்கி, ஒரு நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் வாங்குங்கள். வார்டின் உதவிப் பொறியாளரை முன்கூட்டியே பார்த்து உத்தேச மதிப்பீடு கேட்டுக்கொள்ளுங்கள். மதிப்பீடு இல்லாத கோரிக்கை நிதிநிலை அறிக்கையில் ஏறாது. மாநகராட்சிகளின் நிதிநிலை அறிக்கை பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் வரும். ஆகவே டிசம்பருக்குள் நடக்கும் சபையில் உங்கள் கோரிக்கை பதிவாக வேண்டும். ஏப்ரலில் கேட்டால் ஓராண்டு போய்விடும்.

பேசி முடித்ததும் எழுந்து வந்துவிடாதீர்கள். கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் உங்கள் கோரிக்கை ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். பிறகு காட்ட மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு அந்தக் குறிப்பின் நகலைக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். கூட்டமே நடக்காமல் நடந்ததாக எழுதி வைப்பதும் சில இடங்களில் உண்டு, அதுவும் இந்த நகலில் தெரிந்துபோகும். 2022இல் பதவியேற்ற மன்றங்களின் ஐந்தாண்டு 2027 தொடக்கத்தில் முடிகிறது. முன்பு போலத் தேர்தல் தள்ளிப்போனால் கவுன்சிலரும் இருக்கமாட்டார், வார்டு குழுவும் இருக்காது. அப்போது தனி அலுவலரின் மேசையில் வைக்க உங்களிடம் இருக்கப்போவது அந்தக் குறிப்பின் நகலும் முத்திரை போட்ட மனுவும்தான். இரண்டையும் மூன்று நான்கு வீடுகளில் வைத்துக்கொள்ளுங்கள்.